சொந்தமாகப் புத்தகம் போட்டால் போகுமா? கோவில்பட்டி ஆசிரியைக்கு ஒரு விரிவான பதில்

கோவில்பட்டியிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார். தீப்பெட்டி ஆலைகளில் வேலை பார்த்த பெண்களைப் பற்றி ஒரு நாவல் எழுதி முடித்திருக்கிறார். அச்சில் 240 பக்கம் வரும். மூன்று பதிப்பகங்களுக்கு அனுப்பி ஒரு வருடம் ஆகிறது, பதில் இல்லை. இதற்கிடையில் ஒரு நிறுவனம், 85,000 ரூபாய் கட்டினால் எல்லாவற்றையும் தாங்களே பார்த்துக்கொண்டு உலகம் முழுக்க விற்றுத் தருவதாகச் சொல்கிறது. அவருடைய கேள்விகள் மூன்று. சொந்தமாக வெளியிட்டால் புத்தகம் போகுமா? அந்த நிறுவனத்துக்குப் பணம் கட்டலாமா? பதிப்பகப் பெயர் என்று எதைப் போடுவது?

அம்மா, நான் இருபத்திரண்டு வருடமாகப் புத்தக வேலையில் இருக்கிறேன். திருவல்லிக்கேணியில் ஒரு டிடிபி மையத்தில் தட்டச்சில் தொடங்கி, பக்க வடிவமைப்பு, மெய்ப்பு (அச்சுப்பிழை பார்ப்பது), அச்சகத்துக்கும் பைண்டிங்குக்கும் அலைவது என்று எல்லாம் செய்திருக்கிறேன். எழுத்தாளர்கள் தாங்களே செலவு செய்து போட்ட புத்தகங்கள் இருநூறுக்கு மேல் என் கை வழியாகப் போயிருக்கின்றன. அந்த அனுபவத்தில் நேராகவே சொல்கிறேன்: முன்பின் தெரியாத ஒருவரின் முதல் நாவல், சொந்தப் பதிப்பாக வந்து, கடைகளில் விற்றுப் பணம் தந்ததை நான் பார்த்தது விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். அப்படியிருந்தும் உங்கள் நாவலைப் போடுங்கள் என்றுதான் சொல்லப்போகிறேன். அதற்கான காரணம் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது; கடைசியில் அதற்கு வருகிறேன்.

பதிப்பாளர் என்பவர் இரண்டு வேலை செய்கிறார். கையெழுத்துப் பிரதியைப் புத்தகமாக்குவது ஒன்று: செம்மையாக்கம், மெய்ப்பு, வடிவமைப்பு, அட்டை, அச்சு. இதை இன்று யார் வேண்டுமானாலும் கூலி கொடுத்துச் செய்துகொள்ளலாம். முன்பு ஆஃப்செட் மட்டுமே இருந்த காலத்தில் பிளேட் செலவுக்கும் மெஷின் ஓட்டத்துக்கும் கட்டுப்படியாக வேண்டும் என்று ஆயிரம், ஆயிரத்து இருநூறு பிரதி போட்டாக வேண்டியிருந்தது. இப்போது டிஜிட்டல் அச்சில் ஐம்பது பிரதி கேட்டாலும் போட்டுக் கொடுக்கிறார்கள். அதனால்தான் இத்தனை பேர் சொந்தமாகப் புத்தகம் போடுகிறார்கள்.

அடுத்தது, அந்தப் புத்தகத்தை வாசகர் கையில் சேர்ப்பது. இதுதான் கூலிக்குக் கிடைக்காது. முந்நூறு தலைப்பு வைத்திருக்கும் ஒரு பதிப்பாளருக்கும் மதுரையில் இருக்கும் ஒரு புத்தகக் கடைக்கும் இடையே பல வருடக் கணக்குவழக்கு இருக்கும். புதுப் புத்தகம் வந்தால் பழைய பாக்கியோடு சேர்த்து இருபது பிரதி அனுப்புவார். கடைக்காரரும் முன்வரிசையில் வைப்பார், ஏனென்றால் அந்தப் பதிப்பாளரின் மற்ற இருநூறு புத்தகம் அவருக்கு வேண்டும். நீங்கள் ஒரே ஒரு புத்தகத்தோடு போனால், அந்த ஒன்றுக்காக அவர் தனிக் கணக்கு எழுத வேண்டும். பத்துப் பிரதியை வாங்கி வைப்பார். 300 ரூபாய்ப் புத்தகத்தில் 40 சதவீதம் கழிவு போக உங்களுக்கு 180. எட்டு மாதம் கழித்து ஆறு விற்றிருக்கும். அந்த 1,080 ரூபாயைக் கேட்டு நீங்கள் நான்கு முறை போன் செய்வீர்கள். ஐந்தாவது முறை உங்களுக்கே கூச்சமாகிவிடும். கடைக்காரர் மோசமானவர் இல்லை; அவருடைய நாளில் உங்கள் ஆறு பிரதிக்கு இடமில்லை.

கணக்கைக் கொஞ்சம் விரிவாகவே போட்டுப் பார்ப்போம். ஊருக்கு ஊர், அச்சகத்துக்கு அச்சகம் விலை மாறும். நான் தருவது ஓர் எடுத்துக்காட்டுதான். 240 பக்கம் என்றால் 15 ஃபாரம் (16 பக்கம் ஒரு ஃபாரம்). டெமி சைஸ், நல்ல மேப்லித்தோ தாள், லேமினேஷன் அட்டை, 300 பிரதி போட்டால் பிரதிக்கு 120 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 36,000. பக்க வடிவமைப்பு பக்கத்துக்கு 30 ரூபாய் வீதம் 7,200. மெய்ப்பு 20 ரூபாய் வீதம் 4,800. அட்டைக்கு 4,000. ஆக மொத்தம் 52,000 ரூபாய். நீங்களே நேரில் 10 சதவீதத் தள்ளுபடியில் நூறு பிரதி விற்றால் 27,000; கடைகள் வழியாக நூறு விற்றால் 18,000. இருநூறு பிரதி விற்ற பிறகும் 7,000 ரூபாய் கையைக் கடிக்கிறது. இன்னும் முப்பது பிரதியை நீங்களே விற்றால்தான் போட்ட பணம் வரும். உறவினருக்கும் நண்பருக்கும் மதிப்புரைக்கும் எப்படியும் நாற்பது ஐம்பது இலவசமாகப் போய்விடும். இருநூற்று முப்பது பேர் காசு கொடுத்து ஒரு புதிய எழுத்தாளரின் நாவலை வாங்குவது தமிழில் சின்ன விஷயம் இல்லை.

அதே புத்தகத்தை நூறு மட்டும் போடுங்கள். பிரதிக்கு 130 ஆகட்டும், 13,000. வடிவமைப்பு, மெய்ப்பு, அட்டை ஆகிய முன்வேலைக்கு அதே 16,000. மொத்தம் 29,000. தொண்ணூறு பிரதியை நேரில் விற்றால் 24,300. இந்தச் சுற்றில் 4,700 நஷ்டம். ஆனால் முன்வேலைச் செலவு முடிந்துவிட்டது. இரண்டாவது நூறுக்கு 13,000 மட்டுமே. அதில் எண்பது விற்றாலே 21,600 வரும். பழைய நஷ்டம் போக 3,900 ரூபாய் மிச்சம். தொகை அற்பமாகத் தெரியலாம். ஆனால் சொந்தப் பதிப்பில் வெற்றி என்று நான் மதிப்பது இந்த இரண்டாவது நூறைத்தான். முதல் நூறு உங்கள் முகத்துக்காகப் போகும். இரண்டாவது நூறு புத்தகத்துக்காக மட்டுமே போகும்.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்றும் சொல்கிறேன். ஒரு நல்ல பதிப்பகம் ஏற்றுக்கொண்டால் பத்து சதவீத ராயல்டி, பிரதிக்கு 30 ரூபாய். முந்நூறு விற்றால் 9,000. உங்கள் பணம் ஒரு ரூபாய்கூட முடங்காது. அதனால் இன்னும் இரண்டு மூன்று பதிப்பகங்களுக்கு அனுப்பிப் பார்ப்பதில் தவறே இல்லை. "இருநூறு பிரதியை நீங்களே வாங்கிக்கொண்டால் போடுகிறோம்" என்று யாராவது சொன்னால் மட்டும், அது பதிப்பகத்தின் பெயரில் நடக்கும் உங்கள் சொந்தப் பதிப்புத்தான் என்பதைப் புரிந்துகொண்டு பதில் சொல்லுங்கள்.

ஏன் இப்படிப் பிரதி எண்ணிக்கையிலேயே நிற்கிறேன் என்றால், தேனிப் பக்கத்தில் ஒரு வீட்டில் பார்த்த காட்சிதான் காரணம். 2009இல் ஒருவர் தன் கவிதைத் தொகுப்பை ஆயிரம் பிரதி போட்டார். வடிவமைப்பு என் வேலை. ஆறு வருடம் கழித்து அந்த வழியாகப் போனபோது வீட்டுக்குப் போனேன். பழுப்புத்தாள் சுற்றிய கட்டுகள் கட்டிலுக்கு அடியில் இரண்டு வரிசையாக இருந்தன. வெள்ளிக்கிழமைதோறும் அவர் மனைவி அவற்றை ஒவ்வொன்றாக வெளியே இழுத்து, தரையைத் துடைத்து, ஈரம் காய்ந்ததும் திரும்பத் தள்ளி வைப்பாராம். ஓரமாக இருந்த கட்டைப் பிரித்துக் காட்டினார். கரையான் ஒரு பென்சில் பருமனுக்குத் துளை போட்டிருந்தது. முதல் பிரதியின் 37ஆம் பக்கத்தில் நுழைந்து, அந்தக் கட்டுக்குள் இருந்த அத்தனை பிரதியிலும் அதே கவிதையைத் துளைத்துக்கொண்டு போயிருந்தது. அது நல்ல கவிதை. அம்மாவின் வெற்றிலைப் பெட்டியைப் பற்றியது. அதற்குப் பிறகு அவர் எழுதவில்லை. பணம் போனதால் அல்ல. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்தக் கட்டுகள் அவருக்கு ஒரு தீர்ப்பைப் படித்துக் காட்டின. இருநூறு பிரதி போட்டிருந்தால் அவர் புத்தகம் தீர்ந்துபோன கவிஞராக இருந்திருப்பார். இன்னொரு தொகுப்பும் எழுதியிருப்பார்.

தன் புத்தகத்தைத் தானே போடுவது நம் மொழியில் இழிவாக நினைக்கப்பட்ட காரியமும் இல்லை, புதிதும் இல்லை. உ.வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்துகொண்டே 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, வாங்குகிறோம் என்று முன்கூட்டியே கையொப்பமிட்டவர்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். இன்று முன்வெளியீட்டுத் திட்டம் என்கிறோமே, அதுதான் அது. எத்தனை பேருக்கு வேண்டும் என்று தெரிந்துகொண்டு அச்சுக்குப் போவது.

அதற்கு மாறாக நடந்ததும் உண்டு, அதுவும் உங்கள் ஊருக்குப் பக்கத்து எட்டயபுரத்தில் பிறந்தவருக்கு. பாரதியார் 1920இல் ஒரு பெரிய திட்டம் போட்டார். தம் எழுத்துகளை நாற்பது நூல்களாக, ஒவ்வொன்றும் பத்தாயிரம் பிரதியாக அச்சிட வேண்டும். அதற்கு அன்பர்கள் கடன் தர வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல வீடுதோறும் தம் நூல்கள் விலைபோகும் என்று நம்பினார். பணம் சேரவில்லை. அடுத்த ஆண்டு அவரே போய்விட்டார். 1922இல் அவர் மனைவி செல்லம்மாள், 'பாரதி ஆச்ரமம்' என்ற பெயரில் நூல் வெளியீட்டைத் தொடங்கினார். பாரதியின் கணிப்பு பொய்யில்லை. பின்னாளில் வீடுதோறும் போகத்தான் செய்தது. ஆனால் அன்றைக்குப் பத்தாயிரம் வீட்டு வாசலுக்கும் புத்தகத்தைக் கொண்டு போக ஆளும் வழியும் இல்லை. எழுத்தின் பெருமை வேறு, பிரதி போய்ச் சேரும் பாதை வேறு என்பதற்கு இதைவிட வலிக்கும் சான்று எனக்குத் தெரியாது.

எழுத்தாளர் சி.சு. செல்லப்பாவையும் சொல்ல வேண்டும். எழுத்து பிரசுரத்தின் நூல்களைத் தோளில் சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். 'சுதந்திர தாகம்' என்ற அவருடைய மூன்று பாக நாவல் 1997இல் அவருடைய சொந்தப் பிரசுரமாகத்தான் வந்தது. அடுத்த ஆண்டு அவர் மறைந்தார். 2001இல் அந்த நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. சொந்தப் பதிப்பு என்பதால் ஒரு நூலின் தகுதி குறைந்துவிடும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பேச்சு வந்தாலே ஆங்கில உதாரணங்களை அடுக்குவார்கள். அமெரிக்க எழுத்தாளர் ஆண்டி வெய்ர் தன் செவ்வாய்க் கிரக நாவலை 2011இல் அமேசானின் மின்னூல் கடையான கிண்டிலில் 99 சென்ட்டுக்குப் போட்டு உலகப் புகழ் பெற்றார் என்பார்கள். உண்மைதான். ஆனால் அவர் அதற்கு முன்பே அந்த நாவலைத் தன் இணையதளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக வெளியிட்டு வந்தார். வாசகர்கள் கேட்டதால்தான் கிண்டிலுக்கே போனார். அந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள். தமிழிலும் அப்படித்தான். எழுத்தாளர் எஸ். ராமகிருஷ்ணன் தேசாந்திரி பதிப்பகம் தொடங்கித் தன் நூல்களைத் தானே வெளியிடுகிறார். அவருக்குப் பின்னால் பல வருடங்களாகச் சேர்ந்த வாசகர் கூட்டம் இருக்கிறது. வாசகர் முதலில், புத்தகம் பிறகு. இந்த வரிசை மாறினால் சொந்தப் பதிப்பு படுத்துவிடும்.

சரி, புகழே இல்லாதவர்கள் ஜெயிப்பதே இல்லையா? ஜெயிக்கிறார்கள். யார் படிப்பார்கள் என்று அச்சுக்குப் போகும் முன்பே விரல் நீட்டிக் காட்டத் தெரிந்தவர்கள். பொதுப்பணித் துறையில் உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், தன் வட்டத்து ஏரிகளின் வரலாற்றை எழுதினார். எந்த ஏரிக்கு எத்தனை மதகு, எந்த மதகை யார் கட்டினார், எந்த ஆண்டு எந்தக் கரை உடைந்தது, நீர்முறை எந்தத் தெருவில் தொடங்கும் என்பதெல்லாம் அதில் இருந்தது. இலக்கியக் கூட்டம் எதிலும் அவர் பெயர் வந்ததில்லை. 150 பிரதி போட்டார். ஏரிப்பாசனச் சங்கக் கூட்டங்களுக்குப் போனார். கோயில் கொடையன்று உரக்கடை வாசலில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். வாங்க வருகிறவர் முதலில் தன் ஊர் ஏரி இருக்கிறதா என்று புரட்டுவார், இருந்தால் வாங்கிவிடுவார். சிலர் தங்கள் தாத்தாவின் பெயரைக் கண்டுபிடித்து ஐந்து பிரதி வாங்கிப் போனார்கள். ஏழு மாதத்தில் மூன்றாம் அச்சு. அந்தப் புத்தகத்தை சென்னைக் கடை எதிலும் நீங்கள் பார்க்க முடியாது. அதனால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

வட்டார வரலாறு, தொழில் நுணுக்கம், ஒரு நோயோடு வாழ்ந்த அனுபவம், ஊர்ச் சமையல், ஒரு பகுதியின் தாவரங்கள்: இவையெல்லாம் சொந்தப் பதிப்பில் தேறுகின்றன. கவிதையும் சிறுகதையும் சிரமப்படுகின்றன. நாவல் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதற்கென்று ஒரு மண்ணும் மக்களும் இருந்தால் தப்பிக்கும்.

இனி அந்த 85,000 ரூபாய். கட்ட வேண்டாம் என்பது என் கருத்து. மேலே போட்ட கணக்கில் 300 பிரதியும் எல்லா வேலையும் சேர்த்தே 52,000தான். அவர்கள் எத்தனை பிரதி தருகிறார்கள் என்று கேளுங்கள். முப்பது, ஐம்பது என்றால் மீதிப் பணம் எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள். "உலகம் முழுக்க விற்பனை" என்பதற்குப் பெரும்பாலும் அர்த்தம், இணையக் கடையில் உங்கள் புத்தகத்துக்கு ஒரு பக்கம் இருக்கும் என்பதுதான். தேடி வருகிறவருக்கு அது கிடைக்கும். யாரையும் அது தேடிப் போகாது. ஐஎஸ்பிஎன் (ஒவ்வொரு புத்தகத்துக்கும் உரிய தனி அடையாள எண்) வாங்கித் தருவதை ஒரு சேவையாகக் காட்டுவார்கள். இந்தியாவில் அந்த எண் இலவசம். தில்லியில் இருக்கும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமைக்கு இணையவழியில் ஆசிரியரே விண்ணப்பிக்கலாம். ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை மூன்று: உரிமை யாரிடம், எத்தனை வருடம், அச்சுக்குத் தயாரான கோப்புகள் உங்கள் கைக்கு வருமா. எல்லா நிறுவனமும் ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. தட்டச்சும் தெரியாத, அலையவும் முடியாத ஒருவர் தெரிந்தே பணம் கொடுத்து ஒரு சேவையை வாங்குவது அவர் விருப்பம். விற்பனை நடக்கும் என்று நம்பிக் கொடுப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

அந்தப் பணத்தில் கால்வாசியை மெய்ப்புக்கும் செம்மைக்கும் செலவிடுங்கள். சொந்தப் பதிப்பு என்றதும் வாசகர் முகம் சுளிப்பதற்குப் பெரிய காரணம் பிழைகள். 'தீக்குச்சி' என்று வர வேண்டிய இடத்தில் 'தீகுச்சி' என்று முதல் பக்கத்திலேயே வந்தால், தீப்பெட்டி நாவலுக்கு அதைவிட அவமானம் உண்டா? தட்டச்சில் துணைக்காலுக்குப் பதில் ரகரம் விழுந்து 'காரணம்' 'கரரணம்' ஆகியிருக்கும். வேகமாகப் படிக்கும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் வேலை செய்தால், வரி உடையும் இடத்தில் 'கொ' பிளந்து ஒற்றைக்கொம்பு மேல் வரியிலும் மீதி கீழ் வரியிலும் நிற்கும். யூனிகோடில்தான் வேலை செய்ய வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பின்னால் மின்னூலாக்கவும் அதுதான் உதவும். எழுதியவர் தன் புத்தகத்துக்குத் தானே மெய்ப்புப் பார்க்கக் கூடாது. நீங்கள் தமிழாசிரியையாகவே இருந்தாலும் சரி. மனதில் இருக்கும் வரியைத்தான் கண் படிக்கும், தாளில் இருப்பதை அல்ல. கடைசி மெய்ப்பைத் தாளில் எடுத்து, ஸ்கேல் வைத்து வரிவரியாகப் பாருங்கள்.

மின்னூலைப் பற்றிச் சுருக்கமாக. அமேசான் கிண்டிலில் 2016 டிசம்பரிலிருந்து தமிழ் இருக்கிறது. செலவில்லாமல் நீங்களே ஏற்றலாம். சந்தா கட்டிப் படிக்கிறவர்கள் புரட்டும் பக்கத்துக்கு ஏற்பப் பணம் வரும். இதில் நன்றாகச் சம்பாதிக்கிறவர்கள் குடும்ப நாவல் எழுதும் பெண்கள். அவர்களில் பலர் இணையத்தில் தொடராக எழுதி, தினமும் வாசகிகளோடு பேசி, மாதம் ஒரு கதை கொடுக்கிறார்கள். அந்த உழைப்பை ஏளனமாகப் பேசுகிற இலக்கியவாதிகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். தமிழில் இன்று வாசகரோடு நேரடி உறவு வைத்திருப்பவர்களில் அவர்களே முன்னணியில் இருக்கிறார்கள். உங்கள் நாவலை அங்கேயும் வையுங்கள், வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு உதவும். அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

அரசு பொது நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கத் தரும் நூலக ஆணையை நம்பி அச்சடிக்காதீர்கள். தமிழ்நாட்டில் 4,600க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இருக்கின்றன; ஆணை கிடைத்தால் பெரிய நிம்மதிதான். 2024இல் வெளிப்படையான கொள்முதல் முறை என்று அறிவித்து விண்ணப்பத்தை இணையத்துக்கு மாற்றியிருக்கிறார்கள், விண்ணப்பியுங்கள். ஆனால் அவர்கள் தரும் விலை நீங்கள் அட்டையில் போடும் விலை அல்ல. பணம் கைக்கு வர நாளாகும். கிடைத்த பிறகு அதற்கென்று அச்சடித்துக் கொடுப்பதே புத்திசாலித்தனம். தமிழ் வளர்ச்சித் துறை நூல் வெளியிட நிதியுதவியும் சிறந்த நூல்களுக்குப் பரிசும் தருகிறது. அறிவிப்பு வரும் மாதங்களில் செய்தித்தாளைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

வெளியீட்டு விழா பற்றி இலங்கைத் தமிழர்களிடமிருந்து நாம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. அங்கே பெரும்பாலான நூல்கள் ஆசிரியர் செலவில்தான் வருகின்றன. விழாவில் முதற்பிரதி, சிறப்புப் பிரதி என்று ஊர்ப் பெரியவர்களும் நண்பர்களும் மேடைக்கு வந்து வாங்குவார்கள்; உறைக்குள் அட்டை விலையைவிடக் கூடுதலாகவே வைப்பார்கள். அச்சுச் செலவின் பெரும்பகுதி அன்றைக்கே திரும்பிவிடும். கல்யாணத்துக்கு மொய் எழுதுவது போல ஒரு புத்தகத்துக்கு ஊர் கூடிக் கைகொடுக்கிறது. நம் பக்கத்திலோ விழா என்றால் மண்டப வாடகை, பொன்னாடை, ஆறு பேச்சாளர், சாப்பாடு என்று இருபதாயிரம் ஆகும். வந்தவர்களுக்கு இலவசப் பிரதியும் கொடுத்து அனுப்புவார்கள். வாங்க நினைத்தவரையும் வாங்கவிடாமல் செய்யும் வழக்கம் இது.

இப்போது உங்கள் நாவலுக்கு வருகிறேன். நீங்கள் எழுதியிருப்பது தீப்பெட்டி ஆலைப் பெண்களைப் பற்றி. கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் குச்சி அடுக்கியும் பெட்டி ஒட்டியும் பிள்ளைகளை வளர்த்த அம்மாக்கள் எத்தனை ஆயிரம் பேர்! அந்தப் பிள்ளைகள் இன்று ஆசிரியராக, செவிலியராக, வங்கி ஊழியராக, சென்னையிலும் பெங்களூரிலும் கணினி வேலையிலும் இருக்கிறார்கள். தங்கள் அம்மாவின் விரல்நுனிகளைப் பற்றி யாராவது எழுத மாட்டார்களா என்று காத்திருப்பவர்கள் அவர்கள். முப்பது வருடம் வகுப்பெடுத்த உங்களிடம் அவர்களில் எத்தனை பேர் படித்திருப்பார்கள்! ஏரிப் பொறியாளருக்கு இருந்தது போல உங்களுக்கும் விரல் நீட்டிக் காட்ட ஒரு வாசகர் கூட்டம் இருக்கிறது. இதனால்தான் போடுங்கள் என்று சொன்னேன்.

ஒரு நோட்டு எடுத்து, காசு கொடுத்து வாங்குவார்கள் என்று நீங்கள் நம்பும் பெயர்களை எழுதுங்கள். பழைய மாணவர்கள், உடன் வேலை பார்த்தவர்கள், சங்கத் தோழர்கள், நாவலுக்காக நீங்கள் பேசிய பெண்களின் குடும்பங்கள். பெயருக்கு எதிரே போன் எண் எழுத முடியாதவர்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். எண்பது பெயர் தேறினால் நூறு பிரதிக்கு ஏற்பாடு செய்யலாம். நாவலின் ஓர் அத்தியாயத்தை, ஆலைக்குள் நடக்கும் அத்தியாயமாக இருந்தால் நல்லது, அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். முன்வெளியீட்டு விலை 250 என்று வைத்து ஒரு மாதம் நேரம் கொடுங்கள். ஐம்பது பேர் பணம் அனுப்பிவிட்டால் 12,500 ரூபாய். அச்சுக் கூலி கிட்டத்தட்ட அதிலேயே வந்துவிடும். முப்பதுகூடத் தேறவில்லை என்றால் அச்சைத் தள்ளிப்போட்டு, அந்த அத்தியாயத்தைப் படித்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று உட்கார்ந்து கேளுங்கள். சிவகாசி பக்கத்தில்தானே என்று அங்கே போய் நிற்க வேண்டாம். அங்குள்ள பெரிய ஆஃப்செட் அச்சகங்கள் ஆயிரக்கணக்கில் ஓட்டுவதற்கானவை. நூறு பிரதிக்கு மதுரையிலோ சென்னையிலோ டிஜிட்டல் அச்சகம் பாருங்கள். முதலில் ஒரே ஒரு மாதிரிப் பிரதி வாங்கி, முதுகை நன்றாக மடக்கிப் பார்த்துத் தாள் உதிரவில்லை என்று தெரிந்த பிறகு மீதியைப் போடச் சொல்லுங்கள்.

விழா வேண்டுமென்றால் ஆலைத் தெரு ஒன்றிலேயே வையுங்கள். முதற்பிரதியை அங்கு வேலை பார்த்த ஒரு பாட்டியிடம் கொடுங்கள். தள்ளுபடி இருக்கட்டும், இலவசம் வேண்டாம். மாவட்டப் புத்தகத் திருவிழாவுக்கு முன்பே உள்ளூர் எழுத்தாளர்களுக்கு இடம் ஒதுக்குகிறார்களா என்று கேட்டு வையுங்கள். சென்னைப் புத்தகக் காட்சிக்கு, அங்கே அரங்கு எடுக்கும் ஒரு பதிப்பாளரிடம் பத்துப் பிரதி கொடுத்தால் போதும். தபால் செலவை விலையோடு தனியாகச் சொல்லிவிடுங்கள். புத்தகங்களுக்கென்று இருந்த குறைந்த கட்டணப் பதிவுத் தபாலை 2024 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். தபாலை நீங்கள் ஏற்றால் கிடைக்கிற லாபம் அதிலேயே போய்விடும்.

கடைசிக் கேள்வி, பதிப்பகப் பெயர். புத்தகம் வெளியிட அரசிடம் உரிமம் எதுவும் வாங்கத் தேவையில்லை. அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டியும் இல்லை. உங்கள் பெயரையே போடலாம், உங்கள் அம்மா பெயரில் ஒரு பதிப்பகம் என்றும் போடலாம். ஐஎஸ்பிஎன் விண்ணப்பத்தில் தரும் பெயரும் புத்தகத்தில் வரும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். உரிமைப் பக்கத்தில் முகவரியும் போன் எண்ணும் தெளிவாக இருக்கட்டும். இரண்டாவது நூறைக் கேட்பவர்கள் அந்த எண்ணுக்குத்தான் பேசுவார்கள். பதிப்பாளர் நீங்கள் என்பதால் 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி நான்கு பிரதிகள் அனுப்பும் கடமையும் உங்களுடையது: கொல்கத்தா தேசிய நூலகம், மும்பை மாநில மத்திய நூலகம், தில்லி பொது நூலகம், சென்னை கன்னிமாரா நூலகம். வெளிவந்த முப்பது நாளுக்குள் அனுப்பிவிடுங்கள். கன்னிமாராவுக்குப் போகும் பிரதியை மட்டும் தபாலில் போடாமல் என்னிடம் கொடுத்தாலும் சரி. எழும்பூர் வழியாகத்தான் தினமும் போகிறேன், நானே கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்கி அனுப்புகிறேன்.